மழையில்லாத அமைதியும் பெட்டி செத்த அமைதியும்

ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகை ஒன்று, வாளி கவிழும் வகை மழைமானி ஒன்று, ஒரு ரிலே (மின்னால் இயங்கும் சுவிட்ச்), ஒரு சைரன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மண்சரிவு எச்சரிக்கைக் கருவியொன்றை ஒரு வார இறுதிக்குள் மேசைமேல் இயங்கச் செய்துவிடலாம். இலங்கையின் மலையகத்தில், ஹப்புத்தளைக்குக் கீழேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் வேலை அப்படித்தான் தொடங்கியது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த தம்பி ஒருவர் அதைச் செய்திருந்தார். குவளையால் தண்ணீர் ஊற்றினால் எண்ணிக்கை ஏறும், குறித்த அளவைத் தாண்டினால் சைரன் அலறும். தேயிலைத் தொழிற்சாலையின் மின் பராமரிப்பில் பல வருடங்களாக இருப்பவன் என்பதால், அதை லயங்களுக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள மேட்டில் பொருத்தலாமா என்று பார்த்துச் சொல்லும்படி தோட்டத் தலைவர் என்னிடம் கேட்டார். அந்தப் பெட்டியை மேசையிலிருந்து மேட்டுக்குக் கொண்டு செல்ல என்னென்ன மாற வேண்டியிருந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

மழையின் அளவுகளை நாங்களாக வகுக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்கு ஏற்கெனவே எல்லைகளை வகுத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 மி.மீ. ஆனால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150 மி.மீ. ஆனாலோ ஒரே மணி நேரத்தில் 75 மி.மீ. கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. என்று அளக்கும் மழைமானியில் 75 மி.மீ. என்பது 375 கவிழ்ப்புகள், 150 மி.மீ. என்பது 750 கவிழ்ப்புகள். கணக்கு இவ்வளவுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த எவருக்கும், இந்த எண்ணிக்கை ஏன் பிழைக்கக்கூடாது என்பதை விளக்கத் தேவையில்லை.

தம்பி தம் கருவியை லயத்து ஆட்களுக்கு இயக்கிக் காட்டியபோது, பிள்ளைக் காம்பராவை (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை) பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர் கேட்ட கேள்விதான் மீதி வேலை முழுவதையும் தீர்மானித்தது. “இது சத்தம் போடாம இருந்தா மழ கொறைவுன்னு நம்பித் தூங்கவா தம்பி, இல்ல பெட்டி செத்துப்போச்சுன்னு எந்திரிச்சு உக்காரவா?” பொறியியல் பாடநூல்களில் பல அத்தியாயங்களுக்கு நீளும் விடயத்தை அவர் ஒரே வரியில் வைத்துவிட்டார். பொழுதுபோக்குச் சுற்றைச் செய்பவர் அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறார். உயிர்ப் பாதுகாப்புக்கான சுற்றைச் செய்பவரோ, அது வேலை செய்யாமல் போகும்போது அது யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள், எப்படித் தெரியவரும் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தம்பியின் மழைமானியை எடுத்துக்கொள்வோம். வாளி ஒருமுறை கவிழும்போது காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து செல்கிறது. சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கிறது. மற்ற வேளைகளில் அது திறந்தே இருக்கிறது. மேட்டிலிருந்து கீழே வரும் வயரைக் காட்டுப்பன்றி அறுத்துவிட்டாலும், கவ்வாத்து வெட்டும் கத்தி பட்டுத் துண்டானாலும், சுவிட்ச் திறந்திருப்பதாகவே பலகையின் மூளையான மைக்ரோகொன்ட்ரோலர் சிப்புக்குத் தோன்றும். அதாவது, அறுந்த வயரும் வெயில் அடிக்கும் வானமும் அதற்கு ஒன்றே. தீ எச்சரிக்கைப் பலகைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் முறை இதற்குப் போதுமானது. வயரின் மறுமுனையில், மழைமானிக்கு உள்ளேயே, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்தோம். ரீட் சுவிட்சைத் தொடர்ச்சியாக ஒரு 2.2 கிலோ ஓமுடன் சேர்த்து, அந்த 10 கிலோ ஓமுக்குப் பக்கவாட்டில் இணைத்தோம். பெட்டியின் பக்கம் இன்னொரு 10 கிலோ ஓமை 5 வோல்டுக்குக் கட்டினோம். இப்போது சும்மா இருக்கும்போது 2.5 வோல்ட், வாளி கவிழும் கணத்தில் முக்கால் வோல்டுக்கு அருகில், வயர் அறுந்தால் 5 வோல்ட், வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பூச்சியம். சில ரூபாய் பெறும் மூன்று ரெசிஸ்டர்கள், அமைதி எந்த வகை அமைதி என்பதைப் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

மண் நகர்ந்தால் இழுபடும்படி, மேட்டிலுள்ள நிலவெடிப்பின் குறுக்கே கட்டிய கம்பிக்கும் இதே சிந்தனைதான். கம்பி இழுபட்டால் மூடும் சுவிட்சைத் தம்பி வைத்திருந்தார். அதை மாற்றி, எப்போதும் மூடியிருந்து, இழுபட்டால் திறக்கும் வகையில் அமைத்தோம். மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தால் நலம். அது நின்றுவிட்டால், காரணம் எதுவானாலும், யாராவது போய்ப் பார்க்க வேண்டும். தொழிற்சாலை உணரிகள் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரையான மின்னோட்டத்தில் பேசுவதற்கும் இதுவே காரணம்: அளவு பூச்சியமாக இருந்தாலும் 4 மில்லி அம்பியர் ஓடும், ஆகவே மின்னோட்டமே இல்லையென்றால் வயரில் கோளாறு. மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைவிட நன்கு தெரிந்த உதாரணம் ரயில் பாதையில் இருக்கிறது. எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற டேப்லட் முறையில், சாரதியின் கையில் டேப்லட் (நிலையக் கருவி வெளியே தரும் அனுமதி வில்லை) இல்லாவிட்டால் அடுத்த நிலையம் வரையான ஒற்றைப் பாதைக்குள் ரயில் நுழையக்கூடாது. கருவி பழுதானால் டேப்லட் வெளியே வராது, ரயில் நின்றுவிடும். தாமதம் ஏற்படும், மோதல் ஏற்படாது. பதுளைப் பாதையில் நிலைய அதிபர் டேப்லட்டை வைத்து நீட்டும் அந்த வளையத்தைச் சிறுவயதில் வேடிக்கை பார்த்த எங்களுக்கு, பழுது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்ற பாடம் அப்போதே கண்முன் இருந்திருக்கிறது.

ஆனால் ரயிலை நிறுத்துவதுபோல் எல்லாப் பழுதுக்கும் சைரனை அலறவிட முடியாது. வயர் அறுந்த ஒவ்வொரு இரவும் குழந்தைகளையும் நடக்க முடியாத முதியவர்களையும் மழையில் இறக்கிப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டு சென்றால், மூன்றாம் முறை எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஆகவே ஆபத்துக்கு ஒரு குரல், பழுதுக்கு வேறொரு குரல் என்று பிரித்தோம். பழுது ஏற்பட்டால் பிள்ளைக் காம்பராவின் சுவரில் உள்ள சிறிய பஸர் நிமிடத்துக்கு ஒருமுறை கீச்சிடும். எல்லாம் நலமாக இருந்தால் அதன் பக்கத்திலுள்ள பச்சை விளக்கு விட்டுவிட்டு ஒளிரும். கேள்வி கேட்ட அந்த அம்மாவே தினமும் காலையில் விளக்கைப் பார்த்துக் கொப்பியில் ஓர் அடையாளம் இடுகிறார்.

இந்தப் பச்சை விளக்கு தோன்றுவதுபோல் எளிதன்று. மைக்ரோகொன்ட்ரோலர் உறைந்துபோகும்போது அதன் வெளியீட்டுக் கால் (சிப்பிலிருந்து நீளும் இணைப்பு முனை) எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே நின்றுவிடலாம். நேரடியாக விளக்கை இணைத்திருந்தால், செத்த கருவி பச்சை விளக்கை எரித்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்தக் காலின் துடிப்புகளை ஒரு கெப்பசிட்டர் வழியாக அனுப்பி, இரண்டு டயோட்களால் திரட்டி, அதில் சேரும் மின்னேற்றம் ஒரு டிரான்சிஸ்டரின் மூலம் சிறு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும்படி செய்தோம். கால் ஏறியிறங்கிக்கொண்டிருந்தால் மட்டுமே மின்னேற்றம் சேரும். மேலே நின்றாலும் கீழே நின்றாலும் சில விநாடிகளில் ரிலே விழும். விழுந்தால் தனி பற்றரியில் இயங்கும் பஸர் பேசும். மைக்ரோகொன்ட்ரோலர் தான் செத்ததைத் தானே அறிவிக்கத் தேவையில்லாத ஏற்பாடு இது, அறிவிக்கவும் அதனால் முடியாது.

மென்பொருளில் பார்க்க வேண்டியவை சில இருந்தன. ஆர்டுயினோவில் மில்லி விநாடிகளை எண்ணும் மில்லிஸ் எண்ணி ஏறக்குறைய 49.7 நாட்களில் நிரம்பி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்து ஒப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எதிர்காலத்து நேரமொன்றைக் கூட்டி வைத்துக்கொண்டு அதைத் தாண்டிவிட்டோமா என்று பார்த்தால், அந்த நாளில் கருவி விசித்திரமாக நடந்துகொள்ளும். மேசைமேல் எவரும் 50 நாட்கள் தொடர்ந்து ஓட்டிப் பார்ப்பதில்லை. மேட்டில் அது எல்லா 50 நாட்களிலும் ஓடியாக வேண்டும். அதேபோல், மழைக் கணக்கைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ரொம் நினைவகத்தில் ஒரே இடத்தில் எழுதினால் நாளுக்கு 144 எழுத்துகள். ஒரு லட்சம் முறை எழுதலாம் என்று தரவுத்தாள் உறுதி கூறும் நினைவகத்தின் ஆயுள் இரண்டு வருடத்துக்குள் முடிந்துவிடும். எழுதும் இடத்தைச் சுழற்றி, எழுதியதைச் சரிபார்க்கும் கூட்டுத்தொகை ஒன்றையும் சேர்த்தோம்.

வொட்ச்டொக் (காவல்நாய்) பற்றி ஓர் எச்சரிக்கை. நிரல் குறித்த நேரத்துக்குள் தட்டிக்கொடுக்காவிட்டால் மைக்ரோகொன்ட்ரோலரை மீளத் தொடங்கவைக்கும் காவல் அது. அதை இயக்கிவிட்டு, டைமர் குறுக்கீட்டுக்குள் வைத்து அதைத் தட்டிக்கொடுக்கும் நிரல்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முதன்மைச் சுழல் எங்கோ சிக்கிக் கிடந்தாலும் டைமர் ஓடிக்கொண்டேயிருக்கும். காவல்நாய்க்குச் சோறு கிடைத்துக்கொண்டேயிருக்கும். மழையை எண்ணும் பகுதி, கம்பியைப் பார்க்கும் பகுதி, பற்றரியை அளக்கும் பகுதி ஆகிய ஒவ்வொன்றும் தன் வேலையை முடித்துக் கையொப்பமிட்ட பிறகே, ஒரேயொரு இடத்தில், அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். மின்னழுத்தம் குறையும்போது மைக்ரோகொன்ட்ரோலரை நிறுத்தி வைக்கும் பிரவுன்-அவுட் காவலையும் இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரைகுறை மின்சாரத்தில் நிரல் தடம் புரண்டு நினைவகத்தில் குப்பையை எழுதும்.

மின்சாரத்துக்கு வருவோம். ஆர்டுயினோ யூனோ பலகை சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 50 மில்லி அம்பியர் இழுக்கும், நாளொன்றுக்கு 1.2 அம்பியர் மணி. 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈய-அமில பற்றரியின் பாதியை மட்டுமே பயன்படுத்தலாம் என்று வைத்தால், சூரியனில்லாமல் மூன்று நாட்கூடத் தாங்காது. சூரியத் தகடு இருக்கிறதே என்றால், கருவி தேவைப்படும் நாட்கள்தான் மூடுபனியில் தகடு ஏறக்குறைய ஒன்றும் தராத நாட்களும். பலகையை விட்டுவிட்டு மைக்ரோகொன்ட்ரோலரை மட்டும் எடுத்து, பெரும்பாலான நேரம் தூங்கவைத்து, வீணாக்காத ஒரு மின்னழுத்தச் சீராக்கியைப் பொருத்தியபோது அந்தப் பகுதியின் சராசரி 2 மில்லி அம்பியருக்குள் வந்தது. மிச்சமாகும் மின்சாரம் சைரனுக்கு. பற்றரியின் நலத்தைச் சும்மா வோல்ட் அளந்து தெரிந்துகொள்ள முடியாது. செத்துக்கொண்டிருக்கும் பற்றரியும் சுமையில்லாதபோது 12.6 வோல்ட் காட்டும். தினமும் ஒருமுறை 10 ஓம் சுமையை இரண்டு விநாடிக்கு இணைத்து, வோல்ட் எவ்வளவு சரிகிறது என்பதைக் கருவியே பார்க்கிறது. குறுஞ்செய்தி அனுப்பும் ஜி.எஸ்.எம். மொடெம் செய்தி அனுப்பும் கணங்களில் 2 அம்பியர் வரை இழுக்கும் என்பதால், அதற்குத் தனிச் சீராக்கியும், அதன் கால்களை ஒட்டியே பெரிய கெப்பசிட்டரும் வைத்தோம். குறுஞ்செய்தி ஒரு மேலதிக வசதி மட்டுமே. பெருமழையில் முதலில் சாய்வது தொலைபேசிக் கோபுரத்தின் மின்சாரம்.

இனித் தண்ணீர். நுவரெலியா, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களில் இலத்திரனியல் சாதனங்களைத் திறந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைவது மழையைவிட மூடுபனி. ரப்பர் வளையம் போட்ட நல்ல பெட்டியும் மூச்சுவிடும்: பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், மாலையில் பனி இறங்கியதும் சுருங்கி, வயர் நுழையும் இடத்தின் வழியே ஈரக் காற்றை உறிஞ்சும். சில வாரங்களில் பெட்டியின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஓட்டை எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. இறுக்கி மூடுவதைவிட, காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு பொருத்திய மூச்சுத்துளையைப் பெட்டியின் அடிப்பக்கம் வைப்பது மேல். வயர்கள் எல்லாம் கீழிருந்து நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விட்டால், வழியும் நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்.

பலகைக்குப் பூசும் பாதுகாப்பு வார்னிஷ் விடயத்தில் அவசரம் கூடாது. சோல்டர் செய்தபின் எஞ்சும் பிளக்ஸை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவாமல் பூசினால், ஈரத்தை இழுக்கும் அழுக்கைப் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டியதாகவே முடியும். ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் வினாகிரி வாசனை அடிக்கும் சிலிக்கனை பெட்டிக்குள் பயன்படுத்தவே கூடாது; அது காயும்போது வெளிவரும் அசற்றிக் அமிலம் செம்பை அரிக்கும். குத்தி எடுக்கும் ஜம்பர் வயர்கள் அனைத்தும் போயின. திருகும் முனைகளில் வயரின் நுனிக்கு சோல்டர் வைத்துத் திருகும் பழக்கம் இங்கே பலரிடம் உண்டு. சோல்டர் மெல்ல மெல்ல அழுந்திச் சில மாதங்களில் பிடி தளர்ந்துவிடும். நெருக்கி அழுத்தும் பெரூல் குழாய் சரியான வழி.

பூச்சிகளைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. மழைமானியின் புனலில் சவுக்கு ஊசியிலைகள் அடைத்துக்கொள்ளும், எறும்பு பெட்டிக்குள் குடியேறும், சைரனின் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். (அட்டை மட்டும் கருவியை விட்டுவிட்டுப் பராமரிக்கப் போகிறவனைப் பிடிக்கும்.) சைரன் வாயிலும் மூச்சுத்துளையிலும் துருப்பிடிக்காத நுண்வலை போட்டோம். அடைத்த புனல்தான் பெரிய ஆபத்து. மின்னியல் ரீதியில் எல்லாம் நலம், பச்சை விளக்கும் எரியும், ஆனால் மழை எண்ணப்படாது. ரெசிஸ்டர் தந்திரம் எதுவும் இதைக் கண்டுபிடிக்காது. தோட்ட அலுவலகத்தில் தினமும் காலையில் கையால் பார்க்கும் பழைய மழைமானி இருக்கிறது. அந்த அளவையும் எங்கள் கருவியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதும், இரண்டாவது மழைமானியொன்றைச் சற்றுத் தள்ளி வைப்பதும்தான் தீர்வு.

இடியுடன் கூடிய மழை வரும் ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேட்டிலிருந்து கீழே ஓடும் நீண்ட வயர் ஓர் அன்ரெனாவாகிவிடுகிறது. மின்னல் பக்கத்தில் எங்கு விழுந்தாலும் அதில் ஓர் அலை ஓடும். பெரிய அலை சிப்பை எரிக்கும், சிறிய அலை பொய்க் கவிழ்ப்புகளை எண்ண வைக்கும். முதலாவதற்கு, நுழைவாயிலில் பெரிய அலையை நிலத்துக்குத் திருப்பும் வாயுக்குழாய், பிறகு ஒரு ரெசிஸ்டர், அதன் பின் எஞ்சும் அலையை வெட்டும் வேகமான டி.வி.எஸ். டயோட் என்ற வரிசை; இரண்டுக்கும் நடுவிலுள்ள ரெசிஸ்டரை விட்டுவிட்டால், டயோட் முந்திக்கொண்டு மொத்தச் சுமையையும் தானே வாங்கி எரிந்துபோகும், வாயுக்குழாய் விழித்தெழவே மாட்டாது. இரண்டாவதற்கு இயற்கையின் எல்லையே காவல்: ஒரு விநாடியில் இரண்டு கவிழ்ப்புகளுக்குமேல் தொடர்ந்தால் அது மணிக்கு 1,440 மி.மீ.க்கு மேற்பட்ட மழை. அப்படியொன்று வந்தால் அதை மழையாக எண்ணாமல் பழுதாக எண்ணி பஸரிடம் ஒப்படைக்கிறோம்.

சோதனைக்கூடம் எங்களிடம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலை இருந்தது. நொதிக்கும் அறையில் ஈரப்பதத்தை 95 சதவீதத்தை ஒட்டியே வைத்திருப்பார்கள் என்பதால், பெட்டியை அங்கே வாரக்கணக்கில் ஓடவிட்டோம். அதிர்வுக்கு ரோலர் இயந்திரத்தின் சட்டத்தில் கட்டினோம். திருகுகளுக்குப் பிடிமானப் பசை ஏன் வேண்டும் என்பதை அந்த ரோலர் ஒரே ஷிப்டுக்குள் விளக்கிவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுக்க வைத்துவிட்டு நேரே நொதிக்கும் அறைக்குள் கொண்டுபோனால், பலகையின்மேல் பனித்துளி படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வயராகக் கழற்றியும், ஒவ்வொரு இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தும், என்ன நடக்கிறது என்பதைத் தம்பி ஓர் அட்டவணையாக எழுதினார். அட்டவணையில் எங்கெல்லாம் “ஒன்றும் தெரியவில்லை” என்று வந்ததோ அங்கெல்லாம் சுற்றை மாற்றினோம். எனக்குத் தெரிந்தவரையில் இந்த முழு வேலையிலும் மிகவும் பயன் தந்த ஆவணம் அதுதான்.

செயற்பாட்டுப் பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 61508 தரநிலையை முழுமையாகப் பின்பற்றும் வசதி ஒரு தோட்டத்து முயற்சிக்கு இல்லை, நாங்கள் பின்பற்றியதாகச் சொல்லவும் கூடாது. ஆனால் அதிலுள்ள ஒரு கணக்கு எல்லோருக்கும் பயன்படும். வெளியே தெரியாத ஆபத்தான பழுதொன்று சராசரியாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவியை வருடத்துக்கு ஒருமுறை முழுமையாகச் சோதித்தால், தேவைப்படும் நேரத்தில் அது செத்திருக்கும் வாய்ப்பு 0.1-இன் பாதி, அதாவது 20-இல் 1. மாதத்துக்கு ஒருமுறை சோதித்தால் அது 240-இல் 1 ஆகிவிடும். விலை கூடிய பாகங்கள் எதையும் வாங்காமல், நாட்காட்டியைக் கொண்டு மட்டும் கிடைக்கும் பன்னிரண்டு மடங்கு முன்னேற்றம் இது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை மழைமானியில் அளந்த தண்ணீரை ஊற்றி, எண்ணிக்கையைப் பார்த்து, கம்பியை இழுத்து, சைரன் மூன்று குறுகிய ஒலிகளை எழுப்பும் வரை சோதிக்கிறோம். பொத்தானை அழுத்திச் சைரனை மட்டும் ஒலிக்கவிடுவது சோதனையாகாது. உணரியிலிருந்து ஒலி வரை முழுப் பாதையும் ஓட வேண்டும்.

தம்பிக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அழைப்பு வருகிறது; இதேபோல் இன்னும் சில பெட்டிகள் செய்து தரக் கேட்கிறார்கள். அவரிடம் நான் சொன்னவை சில்லறை விடயங்கள். கொழும்பு புறக்கோட்டையில் ஒரே பெயர் அச்சிட்ட எல்.எம். 2596 மின்னழுத்தச் சீராக்கிகள் பல தரங்களில் கிடைக்கின்றன. போலி சிப்புகள் உண்மையான 150 கிலோ ஹேர்ட்ஸை விட்டுக் குறைந்த வேகத்தில் ஓடிச் சூடாகும். ஆகவே ஒரே கொள்முதலில் வாங்கி, அதிலிருந்து ஒன்றை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டே மற்றவற்றைப் பொருத்த வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கமும், அதில் எந்த நிரல், எந்தப் பாகங்கள் என்ற பதிவும் வேண்டும். ஒரு ரிலேயை வேறு நிறுவனத்தின் ரிலேயாக மாற்றினால்கூட அட்டவணைச் சோதனை முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். மூடியின் உட்புறத்தில் தமிழிலும் சிங்களத்திலும் பஸர் கீச்சிட்டால் என்ன செய்வது என்று எழுதி ஒட்ட வேண்டும். பொருத்தும் இடத்தையும், நிலவெடிப்புக் கம்பிக்கான எல்லையையும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியல் அலுவலர்கள் பார்த்துச் சொல்லாமல் எந்தத் தோட்டத்துக்கும் பெட்டியைக் கொடுக்கக்கூடாது. மாதச் சோதனையைச் செய்ய இரண்டு பேர் பொறுப்பேற்காத தோட்டத்துக்கும் அப்படியே. அவர் இப்போது முதல் நான்கு பெட்டிகளுக்கான பலகைகளை வரைந்துகொண்டிருக்கிறார். சைரனுக்குச் செல்லும் வயரையும் மழைமானி வயரைப்போலவே கண்காணிக்க, சைரனை ஒட்டி ஒரு டயோடும் வயரின் கடைசியில் ஒரு ரெசிஸ்டரும் வைத்து, எதிர்த்திசையில் சிறு மின்னோட்டத்தை எப்போதும் ஓடவிடும் சுற்றை இந்தமுறை சேர்த்திருக்கிறார்.